யாரோட எடை?

"என் புரோகிராம்ல யாரு கையை வச்சது?"

மூத்தவள் போட்ட சத்தத்தில் ஆபீஸே எழுந்து நின்றது.

அவள் கம்ப்யூட்டர் திரை முழுக்கத் தப்பைக் காட்டும் சிவப்பு. மேலே தள்ளினாலும் சிவப்பு, கீழே தள்ளினாலும் சிவப்பு. நேற்று சாயங்காலம்வரை துடைத்து வைத்த மாதிரி இருந்தது!

பக்கத்து மேஜையில் இளையவள் ஆப்பிளைக் கடித்துக்கொண்டே, "நான்தான்க்கா" என்றாள்.

இருவரும் அண்ணன் தம்பிகளைக் கட்டிக்கொண்ட ஓரகத்திகள். இளையவள் இங்கே பழைய ஆள். மூத்தவள் பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு இப்போதுதான் மறுபடி வேலைக்கு வந்தவள். இன்றோடு அவளுடைய சோதனைக் காலம் முடிகிறது. ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்காக அவள் எழுதிய புரோகிராம் சாயங்காலம் ஓட ஆரம்பித்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீடுதான்.

"அடுத்தவங்க என் தப்பைக் காட்டுற அன்னைக்கு நானே பையைத் தூக்கிட்டுப் போயிடுவேன்" என்று சேர்ந்த அன்றே வேறு சொல்லி வைத்திருந்தாள். ரோஷக்காரி.

"இன்னைக்குன்னு பார்த்தாடி கையை வைப்பே?"

"பெருசா ஒண்ணும் பண்ணலைக்கா. இன்டர்ஃபேஸ்ல ஒரே ஒரு மாத்தம்."

இன்டர்ஃபேஸ் என்றால், ஒரு ஆளைப் பற்றி என்னென்ன விவரம் இருக்க வேண்டும் என்று புரோகிராமுக்குச் சொல்லி வைப்பது. தாய்க்குப் பெயர், ரத்த வகை, எடை. குழந்தைக்கும் அதே மாதிரி பெயர், ரத்த வகை, எடை. எடை என்றால் ஏதோ ஒரு எண் என்று இரண்டிலும் மூத்தவள் எழுதியிருந்தாள். இளையவள் 'எடை' என்ற பெயரை அப்படியே விட்டுவிட்டு, தாயின் எடை ஒரு வகை, குழந்தையின் எடை இன்னொரு வகை என்று பிரித்துவிட்டாள்.

அவ்வளவுதான். எடை வருகிற இடத்திலெல்லாம் "இது யாரோட எடை?" என்று புரோகிராமில் தப்பு பிடிக்கிற கம்பைலர் கத்த ஆரம்பித்துவிட்டது.

"பழையபடி மாத்திக் கொடு."

"மாட்டேன். ஒவ்வொண்ணா நீங்களே சரி பண்ணுங்க."

"இத்தனையுமா?"

"உங்க பையனை உட்கார வச்சு வீட்டுப்பாடம் எழுத வைக்கிறதைவிட இது சுலபம்க்கா."

டிசைனர் டெஸ்டரின் காதைக் கடித்தார். "அடுப்படிச் சண்டையை ஆபீசுக்குத் தூக்கிட்டு வந்துட்டாங்கப்பா."

"கூடப் பிறந்திருந்தா இப்படிப் பண்ணுவாங்களா?" என்றாள் டெஸ்டர்.

மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. "சாயங்காலத்துக்குள்ள முடியுமாம்மா?"

"முடியும் சார்." மூத்தவள் முடியை அள்ளிச் செருகினாள். இளையவள் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தாள். "வீட்டுக்கு வா, உன்னை வச்சுக்கிறேன்."

கீபோர்டு படபடத்தது. தாய். குழந்தை. தாய். குழந்தை. ஒவ்வொரு சிவப்பாக அணைந்தது. டிசைனர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். டெஸ்டரும் வந்தாள். மேட்ச் பார்க்கிற கூட்டம் மாதிரி ஆகிவிட்டது.

"அந்த மூலையில ஒண்ணு, மேடம்!"

"பார்த்துட்டேன்!"

"இன்னும் கொஞ்சம்தான், விடாதீங்க!"

கடைசியில் ஒன்றே ஒன்று நின்றது. எப்படித் தட்டினாலும் போகவில்லை.

மூத்தவள் நின்று நிதானமாகப் படித்தாள். 'குழந்தையின் எடை வர வேண்டிய இடத்தில் தாயின் எடை வந்திருக்கிறது.'

அது குழந்தைக்கு மருந்தின் அளவைக் கணக்குப் போடுகிற வரி.

இத்தனை நாளும் இரண்டும் வெறும் எண். அதனால் கம்பைலர் வாயைத் திறக்காமல் விட்டிருக்கிறது. பிறந்த சிசுவுக்கு, அம்மாவின் எடைக்கு மருந்து!

"சார்!" நாற்காலி பின்னால் உருண்டு போனது. "பெரிய தப்பு சார். நான் எழுதின வரிதான். நல்ல வேளை, கண்ணுல பட்டுச்சு!"

மேனேஜர் படித்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மூத்தவள் திருத்தினாள். திரை பளிச்சென்று பச்சைக்கு வந்தது. ஆபீஸே கைதட்டியது.

"தப்பு எல்லாரும்தான் எழுதறோம்மா. நாலு பேர் செக் பண்ணியும் சிக்காததை நீங்க பிடிச்சீங்க பாருங்க! நாளையிலேருந்து நீங்க நிரந்தரம்."

டிசைனர் இளையவளைப் பார்த்துச் சிரித்தார். "உங்க திட்டம் தலைகீழாப் போச்சே மேடம்!"

"ஆமா, போச்சு" என்றாள் அவள், ஆப்பிள் கொட்டையைக் குப்பைக்கூடையில் போட்டபடி.

மூத்தவள் அவளை ஒரு முறை முறைத்துவிட்டு, அடித்த போனை எடுத்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ்.

"உங்க புரோகிராம்ல குழந்தைங்க பக்கத்தை இப்ப திறக்கலாமாம்மா? 'எங்க அக்கா நாளைக்கு அதுல ஒரு தப்பைக் கண்டுபிடிக்கப் போறாங்க, அதுவரைக்கும் தொட்டுடாதீங்க'ன்னு நேத்தே உங்க ஆபீஸ்லேருந்து ஒரு பொண்ணு சொல்லி வச்சிருந்துச்சே!"