ஒரே பந்தி

போட்டியில் ஜெயிக்கப்போவது நாங்கள்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சங்கரன்கோவில் வட்டாரப் பள்ளிகளின் பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி, நாலு நாலு பேராகப் பிரித்திருந்தார்கள். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் தயங்காமல் சாப்பிடும் ஒரு மதியச் சாப்பாட்டைக் குழுவாகச் சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கள் குழுவில் பிரின்ஸுக்குத் தவக்காலம், கறி ஆகாது. நிர்மலாதேவி வீட்டில் பூண்டு சேர்க்கமாட்டார்கள். ஆகவே பூண்டில்லாத உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். துவையல் ஜுலைகாவின் கைப்பக்குவம். நோன்பு என்பதால் உப்புக்கூடப் பார்க்காமல் அரைத்தாள். அவ்வளவு ருசி.

கடைசி விதியை மேடையில்தான் சொன்னார்கள். குழுவில் நாலு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும். ஒருவர் கை வைக்காவிட்டாலும் குழு வெளியே.

ஒற்றுமைக்கு விதி எழுதியவர்கள் காலண்டரைப் பார்க்கவில்லை.

எங்கள் முறை ஆறாவது, கடைசி. எப்படியும் ஐந்தே முக்காலுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். நோன்பு திறக்க ஆறரை ஆகும்.

நான் போய்க் கேட்டதற்கு, நோன்பு திறக்கும்வரை காத்திருக்க முடியாது என்று நடுவர் மைக்கிலேயே சொல்லிவிட்டார். அரங்கம் முழுக்கக் கேட்டது.

"நான் விலகிக்கிடுதேன் விஜிதா. வேற ஆளச் சேத்துக்கோங்க," என்றாள் ஜுலைகா. கண் கலங்கியிருந்தது.

"ஏட்டி, சும்மா இரு. நான் பாத்துக்கிடுதேன்," என்றேன்.

எப்படி என்று எனக்கே தெரியாது. ஆனாலும் தைரியத்துக்கு என்னிடம் என்றைக்கும் பஞ்சமில்லை.

ஐந்தாவது குழுவுக்காகத் தங்கப்பழம் மேடையேறினான். குருவிகுளத்துக்காரன். போன வருஷம் வினாடி வினாவில் என்னைத் தோற்கடித்தவன். கேட்ட கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு உட்காருகிற ஆள்.

இன்று அவன் குழு தக்காளி சாதம் சாப்பிட்டு முடித்த பிறகும் மைக்கை விடவில்லை. தக்காளி நாற்று, நடவு, களையெடுப்பு, சந்தை என்று போய்க்கொண்டே இருந்தான். நேரக் கட்டுப்பாடு விதியில் இல்லாததால் யாராலும் தடுக்க முடியவில்லை. நடுவர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது முறை மதிப்பெண் தாளில் கோபமாக எதையோ அடித்தார்.

எனக்கு ஒரே எரிச்சல். ஒரு கோப்பைக்காக இப்படியுமா அலட்டுவான்? பேசட்டும், எங்கள் உளுந்தஞ்சோற்றுக்கு முன்னால் அவன் தக்காளி நிற்காது.

அவன் தாளிப்பில் கறிவேப்பிலைக்கு வந்திருந்தான். எண்ணெய் காய்ந்ததும் அடுப்பைக் குறைத்து...

பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது.

தங்கப்பழம் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினான்.

"அவ்வளவுதான் சார்," என்று மைக்கை வைத்துவிட்டுக் கீழே இறங்கினான்.