மிச்சக்காரி

"கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

அவள் பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

ஆய்வுக்கூடத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். கோபம் வந்தால் முதலில் அதைத்தான் கழற்றுவார். கேக் பெட்டியைத் திறக்கப்போன கணினிப் பொறியாளர் கையை அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"எல்லாரும் போட்டாச்சு, நீ ஒருத்திதான் பாக்கி. ஒரு கையெழுத்து குறைஞ்சாலும் கட்டுரை வெளிய போகாது. விதி தெரியுமில்ல?"

"தெரியும். அதனாலதான் போடல."

"நாம என்ன கண்டுபிடிச்சிருக்கோம்னு புரியுதா உனக்கு? பிரபஞ்சம் பொறந்தப்போ பொருளும் எதிர்ப்பொருளும் சரிசமம். ஒண்ணை ஒண்ணு தொட்டா ரெண்டும் காலி. நியாயமா வெறும் வெளிச்சம்தான் மிஞ்சியிருக்கணும். ஆனா எப்படியோ நூறு கோடிக்கு ஒண்ணுன்னு பொருள் கூடிப்போச்சு. அந்த மிச்சம்தான் நீ, நான், இந்த மேசை எல்லாம்."

"இந்தக் கேக்கும்" என்றார் பொறியாளர்.

தலைவர் அவரை முறைத்துவிட்டுத் தொடர்ந்தார். "ஏன் கூடிச்சுன்னு இதுவரைக்கும் யாராலயும் காட்ட முடியல. நாம காட்டிட்டோம்!"

"நாம காட்டினது நம்ம இயந்திரத்தோட இடது பக்கத்தை, சார்" என்றாள் அவள். "காந்தம் பொருளை இடது பக்கம் வளைக்குது, எதிர்ப்பொருளை வலது பக்கம் வளைக்குது. இடது பக்கம் அதிகமா விழுந்துச்சுன்னு குதிக்கிறோம். வலது பக்கத்துக் கருவிக்குக் கண்ணு கொஞ்சம் மங்கலா இருந்தா?"

"அதான் விளக்கு அடிச்சுச் சோதிச்சாச்சே."

"விளக்கு அடிச்சுப் பார்த்தோம். துகளை விட்டுப் பார்க்கல. தராசு மேல சந்தேகம் வந்தா தட்டை மாத்திப் போட்டு நிறுக்க மாட்டோமா? காந்தத்தைத் திருப்புவோம். அந்தக் கூடுதல், பொருள் கூடவே வலது பக்கம் போச்சுன்னா முதல் கையெழுத்து என்னோடது. இடது பக்கமே நின்னுச்சுன்னா, அது இயந்திரத்தோட கோளாறு."

"இந்தச் சந்தேகத்தை யாரு உன் தலையில ஏத்தினது?"

"காந்தத்தைத் திருப்பினாங்களான்னு எங்க வீட்ல தினமும் கேக்குறாங்க."

"வீட்ல இருக்கிறவங்களுக்கு இதைப் பத்தி என்ன தெரியும்?"

அவள் பேனாவை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"திருப்பி அளக்க அரை வருஷம் ஆகும்" என்று தலைவர் பல்லைக் கடித்தார். "அதுக்குள்ள போட்டிக் கூடத்துக்காரங்க முந்திக்குவாங்க."

"முந்தட்டும்."

இது மிரட்டலுக்கு மசியாத ஆள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குரலைத் தணித்தார்.

"சரி, எங்களை விடு. மிச்சக்காரியையாவது நினைச்சுப் பாரு."

அந்தப் பட்டப்பெயரைத் தெரியாதவர்கள் இந்தத் துறையில் கிடையாது. பொருள் ஏன் மிஞ்சியது என்று ஒரு பெண் ஒரு காலத்தில் கணக்குப் போட்டுச் சொன்னாள். ஒரு துகள் சிதையும்போது பொருளின் பக்கம் மயிரிழை கூடுதலாகச் சாய்கிறது என்றாள். கூட்டத்தில் கைகொட்டிச் சிரித்தார்கள். மிச்சக்காரி என்று பெயர் வைத்தார்கள். பிறகு அவளை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை. அவள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தாள்.

"அன்னிக்கு நீங்களும் சிரிச்சீங்களா சார்?"

தலைவர் கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்தார். "நமக்குக் கிடைச்சிருக்கிறது அந்தம்மா அன்னிக்குச் சொன்ன அதே எண்ணு. இப்போ படுத்த படுக்கையா இருக்காங்களாம். அரை வருஷம் தாங்குவாங்களோ என்னமோ. ஒரு நாளாவது தலை நிமிர்ந்து இருந்துட்டுப் போகட்டுமே! உனக்கு ஈவு இரக்கமே கிடையாதா?"

அவள் கை தானாகப் பேனாவிடம் போனது. ஒரே ஒரு கையெழுத்துதான். நாளைக் காலையில் உலகமே அந்தப் பெண்ணைக் கொண்டாடும். அவள் பேனாவை எடுத்தாள், பார்த்தாள், தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இரக்கத்துக்காக ஒரு எண்ணு சரியாயிடாது சார். காந்தத்தைத் திருப்புங்க. இல்ல, என்னை வேலையை விட்டு அனுப்புங்க."

"கல்நெஞ்சுக்காரி" என்று முணுமுணுத்தபடி பொறியாளர் கேக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஒரு கையெழுத்து குறைந்த தாளை இழுப்பறையில் போட்டுவிட்டுத் தலைவர் தொலைபேசியை எடுத்தார். "காந்தப் பிரிவா? திருப்பிப் போடுங்க. ஆமா, காரணத்தை அப்புறம் சொல்றேன்."

வீட்டுக் கதவைத் திறந்தவள் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. உள்ளறைக் கட்டிலிலிருந்து குரல் வந்துவிட்டது.

"திருப்பினாங்களா?"

"திருப்பச் சொல்லியாச்சு. அதுக்கு முன்னாடி கையெழுத்துக் கேட்டு உயிரை எடுத்துட்டாங்க."

"போட்டுட்டியா?"

"போடல."

"போட்டிருந்தா வாசலோட திருப்பி அனுப்பியிருப்பேன்."

அவள் கட்டிலில் உட்கார்ந்து, வீங்கிய அந்தக் கால்கள் மேல் போர்வையை இழுத்துவிட்டாள். "என்ன எண்ணு வந்திருக்குன்னு சொல்லட்டுமா?"

"வாயை மூடு. பாதி அளந்த எண்ணு எனக்கெதுக்கு?"

"நான் யாருன்னாவது அங்க சொல்லிடட்டுமா?"

"மூச்சு விடக்கூடாது. கணக்கு சொந்தக் காலில நிக்கட்டும்."

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அவளை மீறி வந்தது. "அரை வருஷம் ஆகுமாம்..."

"ஆகட்டும்டி. இத்தனை காலமா என்னை மிச்சக்காரி, மிச்சக்காரின்னு கூப்பிட்டாங்களே, ஒரு அரை வருஷம் மிஞ்சிக் காட்ட மாட்டேனா?" என்றாள் அம்மா.