பதிவு செய்த எண்

"ஓடிபி வந்திருக்கும், பாருங்கம்மா. அதைச் சொன்னாத்தான் உங்க அட்ரஸை நீக்க முடியும்."

கவுண்டரில் இருந்த பெண் இரண்டாம் முறையாகச் சொன்னாள்.

எதிரே நின்றவள் தன் கைப்பேசியைப் பார்த்தாள். ஒன்றும் வந்திருக்கவில்லை.

அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். அப்போதும் வரவில்லை.

பின்னால் வரிசை வாசலைத் தாண்டி வேப்பமரம் வரை நின்றது. நான்கு நாளாக ஊரில் வேறு பேச்சே இல்லை. வீடு வீடாக வந்து எழுதிக்கொண்டு போன கணக்கெடுப்பு விவரங்களை அரசாங்கம் தொலைத்துவிட்டது. தொலைத்தது என்றால் காணாமல் போகவில்லை. எல்லோருக்கும் கிடைக்கிறது. ஏதோ ஒரு இணையப் பக்கத்தில் கைப்பேசி எண்ணைப் போட்டால் போதும். பெயர், வீடு, பிள்ளை படிக்கும் பள்ளி, வகுப்பு, பிரிவு எல்லாம் வந்து விழுகிறது. வேண்டாதவர்கள் தாலுகா ஆபீஸ் கவுண்டரில் நீக்கிக்கொள்ளலாமாம்.

பயப்பட ஒன்றுமில்லை என்று டிவியில் சொன்னார்கள். யாருக்கு ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை.

என்கிட்ட எடுத்துட்டுப் போக சுகரும் பிரஷரும்தான் இருக்கு என்று வரிசையில் ஒரு பெரியவர் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

அவளிடம் இருந்தது ஒரு முகவரி. அதுவும் பதினான்கு மாதமாகத்தான். அது தாலி கட்டியவனுக்குத் தெரியக் கூடாது. அதற்காகத்தான் அரை நாள் லீவு போட்டு வந்து நிற்கிறாள்.

இடது முழங்கை இன்னும் முழுதாக நீளாது.

கவுண்டர் பெண் நல்ல மாதிரி. எரிச்சல்படாமல் திரையைக் குனிந்து பார்த்தாள்.

"நீங்க குடுத்திருக்கிற நம்பருக்குத்தான் போயிருக்கு. கடைசி மூணு நம்பர் நாலு ஒண்ணு ஏழு."

நாலு ஒண்ணு ஏழு.

அது அவன் எண்.

போன ஆவணி மாதம். அடுப்பில் பால் இருந்தது. கணக்கெடுக்க வந்த டீச்சர் வாசலில் நின்றபடி ஒவ்வொன்றாகக் கேட்டார். பெயர். வயது. பிள்ளைக்கு எந்த ஸ்கூல். போன் நம்பர். அவள் பாலைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டாள். ஒன்பது வருடம் சொன்ன எண் அது. கேஸ், ரேஷன், பிரசவ வார்டு, எங்கே கேட்டாலும் வீட்டுக்காரர் நம்பர்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

தன் சொந்த எண்ணை அவள் இன்னும் பார்த்துத்தான் சொல்கிறாள்.

அன்று பால் பொங்கவில்லை. சரியான நேரத்தில் இறக்கிவிட்டாள். அதுகூட ஞாபகம் இருக்கிறது.

தன் மேலேயே அவளுக்கு வெறுப்பாக வந்தது.

அந்த மெசேஜில் என்ன இருக்கும் என்று மெதுவாகக் கேட்டாள். கவுண்டர் பெண் திரையையே அவள் பக்கம் திருப்பினாள்.

உங்கள் எண்ணுடன் இணைந்துள்ள கீழ்க்கண்ட முகவரியை நீக்க விண்ணப்பம் வந்துள்ளது.

கீழே முகவரி. கதவு எண், மாடி, தெரு, ஊர், பின்கோடு. ஒரு பிழை இல்லை.

"முழுசாவே போகும்மா. சரிபார்க்க வசதியா இருக்கட்டும்னு."

இதுவரை அவன் தேடாமலே இருந்திருக்கலாம். நாடே அவரவர் எண்ணைப் போட்டுப் பார்த்தாலும் அவன் பார்த்திருக்க மாட்டான். பேப்பரைத் தொடாதவன். ஆனால் கைப்பேசி சத்தம் கேட்டால் விடமாட்டான். அவளுக்கு வருகிற மெசேஜைக்கூட அவன்தான் முதலில் படிப்பான்.

அவளே டோக்கன் வாங்கி, இரண்டு மணி நேரம் காத்திருந்து, அவனுக்கு அனுப்பிவைத்திருக்கிறாள்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"இருங்க, இன்னொரு தடவை அனுப்பிட்டேன். இப்ப வந்துடும்."

அவன் ஊரிலிருந்து பஸ்ஸில் ஐந்து மணி நேரம். பைக்கில் வந்தால் அதுவும் ஆகாது.

மகளின் பள்ளிக்கு நடந்தாள். பாதி வழியில் ஓடினாள்.

பள்ளி விடுவதற்கு முன் பிள்ளையை அழைத்துப் போக ஆபீஸ் ரூமில் ஒரு நோட்டில் எழுத வேண்டும். பெயர், உறவு, காரணம், போன் நம்பர். காரணத்துக்குக் காய்ச்சல் என்று எழுதினாள். அடுத்த கட்டத்தில் கை தானாக நான்கு இலக்கங்களை எழுதிவிட்டது. அடித்தாள். தாள் கிழிகிற அளவுக்கு அடித்தாள். பிறகு கைப்பேசியை எடுத்து, தன் எண்ணைப் பார்த்துப் பார்த்து எழுதினாள்.

ரெனிஷா பையோடு வந்தாள். மூன்றாம் வகுப்பு. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

கேட்டிருந்தால் தேவலை.

பஸ் நிலையத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வீட்டுக்குப் போய்த் துணிகளை எடுக்க அவளுக்குத் துணிவில்லை. எந்த ஊர் பஸ் என்றும் இன்னும் முடிவு செய்யவில்லை. எங்கே போனாலும் யாராவது நோட்டோடு வாசலுக்கு வருவார்கள். சொல்லாவிட்டால் ரேஷன் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. சொன்னால் இது.

ரெனிஷா கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள். பெயரும் வகுப்பும் பள்ளியும் எழுதி ஒட்டியிருந்த லேபிளை நகத்தால் சுரண்டத் தொடங்கினாள். சுரண்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

அடியில் பழைய பள்ளியின் லேபிள் பாதி இருந்தது. போன முறை அவசரத்தில் முழுதாக வரவில்லை.

இந்த முறை அதையும் சேர்த்துச் சுரண்டினாள்.