கரையில் காட்டிய படம்

குவாதலூப்பே மாதாமேல் ஆணை, இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

ஒரு நாள் சாயங்காலம், குவாத்தமாலா எல்லையில் ஓடும் சுச்சியாத்தே ஆற்றின் மெக்சிகோ கரையில், எல்லை தாண்டும் பெண்ணைப் பற்றிய சினிமாப் படம் ஒன்றைப் போர்வையைத் திரையாகக் கட்டிக் காட்டினார்கள். எல்லைக் காவலர் எலியுத்தேரியோ முன்வரிசையில் அழுதுகொண்டே கத்தினார்.

"அடப்பாவிகளா, அவளைத் திருப்பி அனுப்பாதீங்கடா! புருஷன் கொன்னுடுவான்டா!"

அப்போது லாரி ட்யூப்பில் கட்டிய தெப்பத்திலிருந்து ஈரப் பாவாடையோடு இறங்கினாள் ஹோண்டுராஸ்காரி டெல்மிரா. அவர் முன்னால்தான் வழி.

"ஐயா, எங்கிட்ட பேப்பர் இல்ல. நானும் புருஷன் அடி தாங்காமத்தான் ஓடியாந்தேன்."

காவலர் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"படத்தை மறைக்காம அந்தாண்ட போம்மா!"

போய்விட்டாள். இன்று பக்கத்து ஊர் தபாச்சூலாவில் தமாலே என்னும் சோளமாவுக் கொழுக்கட்டைக் கடை வைத்து நிம்மதியாக இருக்கிறாள்.

அந்தக் கரைக்கு மின்சாரம் வந்ததும், முதல் படம் காட்டியதும், அவள் வந்து ஆறு வருடங்களுக்குப் பிறகுதான்.