மரத்த நாக்கு

பல் அடைப்பதற்காக டாக்டர் போட்ட ஊசியில் இமெல்டாவின் நாக்கு மரத்துப்போயிருந்தது. மரப்பு விடும்வரை சாக்ஸபோனைத் தொடக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார். நாளை காலை பேண்டுக்கு ஆள் எடுக்கிறார்கள், அதனால் அவர் பேச்சை அவள் கேட்கவில்லை. ஒரே மூச்சில் பதினாறு முறை நாக்கு நுனி, ஊதும் முனையில் அதிரும் மெல்லிய நாணல் பட்டையான ரீடைத் தொட வேண்டும். ஒவ்வொரு தொடுதலுக்கும் ஒரு ‘து’ ஒலி, ஒன்றோடொன்று ஒட்டாமல். ஆறு மாதமாகப் பத்தைத் தொடுவதற்குள் குழறிவிடுகிறது.

அவள் ஊத ஊத, சமையலறையிலிருந்து கணவன் அமலதாஸ் வழக்கம்போல எண்ணினான். “ஏழு... எட்டு... இன்னைக்குத்தான் சுத்தமா விழுது, இமெல்டா. ஒம்பது...”

நாக்கு ரீடில் படுவதே அவளுக்குத் தெரியவில்லை. பயந்துபோய் சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்து மடியில் வைத்தாள். எதிரே இருந்த கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்தாள். நாக்கு ஒரு பக்கமாகச் சரிந்து அசையாமல் கிடந்தது.

“பத்து,” என்றான் அமலதாஸ். “பதினொண்ணு.”

மடியில் ஈர ரீட் துடித்துக்கொண்டிருந்தது.

“பதினாறு! எப்படிடி, மூச்சே எடுக்காம?”

பலத்தையெல்லாம் திரட்டி “என்னங்க” என்று அவனைக் கூப்பிடப் பார்த்தாள். வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. மடியிலிருந்து, தெளிவாக, ஒரு ‘து’ கேட்டது.

“பதினேழு,” என்றான் அவன்.