சத்தம் வரக்கூடாது

“இதைப் படகுல மாட்டாதீங்கம்மா. மேசை மேல வச்சுக் காத்து வாங்குங்க.”

சொல்லிவிட்டுக் கேப்டன் தானே சிரித்துக்கொண்டார். கப்பல் பக்கமே போகாதவர் அவர். பெரிய துணிக்கடை முதலாளி. எந்நேரமும் தலையில் இருக்கும் வெள்ளைத் தொப்பி வாங்கிக் கொடுத்த பட்டம் அது. வாங்க ஒன்றும் இல்லாத நாளிலும் படகு சாமான் கடையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பெடுப்பார்.

அன்றைக்கு அவரிடம் மாட்டியது நாற்பது வயதுப் பெண் ஒருத்தி. கசங்கிய பருத்திச் சட்டை, சேறு காய்ந்த செருப்பு, கையில் மடித்த தாள். சுவரில் தொங்கிய மின் மோட்டார்களில் ஆகச் சிறியதன் இறக்கையை விரலால் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சின்னப் படகுதான் சார். பன்னிரண்டு அடி.”

“படகு சின்னது சரி, ஏரியும் சின்னதா? எதிர்க்காத்து அடிச்சா இந்த முப்பது பவுண்டு தள்ளுவிசை உங்களைப் பின்னாடிதான் கொண்டுபோகும். வீட்டுக்காரர் வரலையா?”

“அவருக்குத் தண்ணின்னாலே ஆகாது.”

“நல்ல குடும்பம்.” கேப்டன் கடைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தார். “படகு மட்டும் வேணும்.”

கடைக்காரர் சிரிக்கவில்லை. இந்த மனிதர் வாயால் எத்தனை வியாபாரம் கெட்டிருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். “உங்களுக்கு எப்படி வேணும்னு சொல்லுங்கம்மா. எடுத்துத் தர்றேன்.”

“வேகம் முக்கியம் இல்லை. சத்தம் வரக்கூடாது. கிட்டப் போற வரைக்கும் தெரியவே கூடாது.”

“அப்பாடா,” என்றார் கேப்டன். “இந்தக் கடைக்குள்ள இன்னிக்கு ஒருத்தர் உருப்படியாப் பேசிட்டாங்க. ஆனா சத்தம் வேணாம்னு சொல்லிக்கிட்டே கையை எங்க வச்சிருக்கீங்க பாருங்க. அது முழு வேகத்துல முக்கி முனகிக்கிட்டு ஓடும். முனகல்தான் சத்தம். அம்பத்தஞ்சு பவுண்டை எடுத்துப் பாதி வேகத்துல விட்டுப் பாருங்க, படகுல இருக்கிறவனுக்கே கேக்காது. அதுலயும் உள்ள உரசுற பிரஷ் இல்லாத மோட்டாரா எடுக்கணும். நான் அதைத்தான் வச்சிருக்கேன்.”

அவள் தாளைப் பிரித்து எழுதிக்கொண்டாள். அது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

“தண்டு எவ்வளவு நீளம் வேணும்னாவது தெரியுமா?”

“பின்பலகையிலிருந்து தண்ணி மட்டம் பதினாலு அங்குலம் இருக்கு சார்.”

“பரவாயில்லையே, அளக்கத் தெரியுது. அப்ப முப்பத்தாறு அங்குலத் தண்டு. காசு மிச்சம்னு குட்டையா எடுத்தீங்கன்னா இறக்கை மேல வந்து தண்ணியைப் பளார் பளார்னு அறையும். ஊரையே எழுப்பிடும்.”

“தூரத்துக்குக் கேக்குமா சார்?”

“தண்ணி மேல சத்தம் எவ்வளவு தூரம் போகும்னு என்னைக் கேளுங்க.” கேப்டன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “பத்து வருஷமா அந்தச் சத்தம்தான் எனக்குக் காவல். மதகுப் பக்கம் பலகை வச்சிருக்காங்க பாருங்க, மீன் முட்டை போடுற இடம், வலை போடாதேன்னு. பலகையைப் படிக்கிறவன் எல்லாம் வெறுங்கையோடதான் வீட்டுக்குப் போகணும். அந்த மீன்பிடிக்கிற ஆளுங்களைப் பாருங்க, ரெண்டு வருஷமா அவங்க வலையில பொடிமீன்கூட ஏறலை. எனக்கு ஒவ்வொண்ணும் முழங்கை நீளம். வயிறு நிறைய முட்டையோட.”

அவள் பேனா ஒரு கணம் நின்றது.

“பிடிக்க மாட்டாங்களா சார்?”

“யாரு, அந்தக் காவல் படகா?” கேப்டன் தொப்பியைக் கழற்றி முகத்துக்கு விசிறிக்கொண்டார். “டீசல் தகரம்மா அது. கரையில அவன் கிளப்பினா மதகுல எனக்குக் கேக்கும். வலையைச் சுருட்டி, நாணலுக்குள்ள தள்ளிட்டு, ஒரு சுருட்டும் பத்த வச்சு முடிச்சிருப்பேன். அதுக்கப்புறம் ஆபீசர் வந்து வணக்கம் வச்சிட்டுப் போவாரு. நாலு ஆபீசரைப் பார்த்துட்டேன். நாலு பேர் மண்டையையும் சேர்த்துப் பிழிஞ்சாலும் ஒரு சொட்டு மூளை வராது.”

கடைக்காரர் ஐம்பத்தைந்து பவுண்டு மோட்டாரை இறக்கிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பெட்டியைப் பிரித்து இணைப்பைக் கொடுத்ததும் இறக்கை சுழன்றது. மேலே ஓடிய மின்விசிறியின் சத்தம்தான் கேட்டது.

“கேட்டீங்களா? கேக்கலை இல்ல?” கேப்டன் பெற்ற பிள்ளையைப் போல அதன் தலையைத் தட்டினார். “எடுத்துக்கோங்க. நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு மதகுக்குக் கொண்டு வாங்க. நாணலுக்குள்ள எப்படி நுழையறதுன்னு நானே காட்டித் தர்றேன். ஏதோ கேட்டுக்கிற புத்தியாவது இருக்கு உங்களுக்கு.”

“கண்டிப்பா வர்றேன் சார்,” என்றாள் அவள்.

கடைக்காரர் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார். “யார் பேர்லம்மா போடணும்? வீட்டுக்காரர் பேர்லயா?”

“வேண்டாங்க,” என்று சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். “மீன்வளத் துறை, ஏரிக் காவல் பிரிவுன்னு போடுங்க.”