பச்சை வேண்டாம்

"இந்தப் படம் மட்டும் கறுப்பு வெள்ளையில வேணும்."

பொங்சுன் அம்மாள் ஸ்டுடியோ கம்ப்யூட்டர் திரையில் விரலை அழுத்தி வைத்தாள். விரல் ரேகை அப்படியே பதிந்தது.

படங்களைத் திருத்திக்கொண்டிருந்த ஹேவோனுக்குத் திக்கென்றது. அந்த அம்மாள் மகனின் கல்யாணத்தில் ஹேவோனின் கணவன் தேக்யு எடுத்த படங்களிலேயே உயிருள்ள படம் அதுதான். மண்டபத்தின் பின்படிக்கட்டில் மாப்பிள்ளை சங்யோப் ஒரு பெண்மணியைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். அவள் முகம் அவன் தோளில் புதைந்திருக்கிறது. கொண்டையும், பச்சைப் பட்டில் ஹன்போக் என்ற கொரியப் பாவாடை சட்டையும்தான் தெரிகின்றன. அவன் அழுதுகொண்டே சிரிக்கிறான். கேமரா இருப்பதே இருவருக்கும் தெரியாது.

"அம்மா, மத்த படமெல்லாம் கலர்லதானே இருக்கு. இதுல அவர் காது சிவந்திருக்கறது, அந்தப் பச்சை, ஜன்னல் வெயில்... கலரை எடுத்துட்டா படமே செத்துடும்மா."

"பையனோட அம்மா நானா, நீயா?"

ஹேவோன் திரையில் பதிந்த விரல் ரேகையைத் துடைத்தாள்.

தேக்யு காபி கொண்டுவந்து நீட்டினான். பொங்சுன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"படம் எடுக்கத் தெரிஞ்ச அளவுக்கு உனக்குக் காபி போடத் தெரியலை தம்பி. சரி, அடுத்ததைக் காட்டு. ஐயையோ, இதுல எனக்கு ரெண்டு தாடை! தூக்கிடு."

"ரெண்டெல்லாம் இல்லம்மா..."

"மூணுங்கறியா?"

அதற்குள் அவள் போன் அடித்தது. "வீட்டுக்காரர்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் "சரிங்க, சரிங்க" என்று சொல்வது மட்டும் கேட்டது.

ஹேவோன் கணவன் பக்கம் திரும்பினாள். "யாருங்க அந்தப் பச்சை ஹன்போக்?"

தேக்யு குரலைத் தாழ்த்தினான். "பெத்த அம்மா. பையனுக்கு அஞ்சு வயசிருக்கும்போதே பிரிஞ்சு போயிட்டாங்களாம். அவங்க வந்தா நான் மேடையில உட்கார மாட்டேன்னு அப்பாக்காரர் சொல்லிட்டார். வாசல்லயே ஆள் நிறுத்தி வச்சிருந்தார். கடைசி நேரத்துல பையன் பின்படிக்கட்டுக்கு ஓடினான். நானும் பின்னாலேயே ஓடினேன்."

"அதானே பார்த்தேன்! மாப்பிள்ளையோட அம்மாவுக்குரிய நீலத்தை உடுத்திக்கிட்டு மேடையில உட்கார்ந்தது இவங்க. பையன் ஓடிப்போய்க் கட்டிக்கிட்டது அவங்களை. இந்தம்மாவுக்கு எரியுது."

"வளர்த்தவங்க இல்லையா? வலிக்கத்தான் செய்யும்."

"வலிக்கட்டும். அதுக்காக? ஒரு படத்துல, அதுவும் முகம்கூடத் தெரியாம நிக்கறாங்க. அந்தப் பச்சையைக்கூட விட்டு வைக்கக் கூடாதா?"

கதவு திறந்தது. பொங்சுன் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன, மாத்திட்டியா?"

ஹேவோன் ஒரு பொத்தானை அமுக்கினாள். பச்சை போயிற்று. வெயில் போயிற்று. சிவந்த காதும் போயிற்று.

பொங்சுன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள்.

"போதாது. அந்தப் பாவாடையை இன்னும் கொஞ்சம் இருட்டாக்கு. மேல்சட்டையையும்தான்."

ஹேவோனுக்குப் பொறுக்கவில்லை.

"ஒரேயடியா அவங்களை அழிச்சே குடுத்துடட்டுமா?"

"ஹேவோன்!" என்று தேக்யு அதட்டினான்.

பொங்சுன் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பக்கத்துல என் படம் ஒண்ணைப் போடும்மா. நான் திரும்பி நிக்கறதா எடு. அதையும் கறுப்பு வெள்ளையாக்கு."

ஹேவோன் போட்டாள். ஒரு பக்கம் பச்சை உடுத்தியவள், ஒரு பக்கம் நீலம் உடுத்தியவள். இரண்டும் சாம்பல் நிறமாக நின்றன. அதே கொண்டை. ஏறக்குறைய அதே உயரம்.

"இப்ப சொல்லு, எது பச்சை, எது நீலம்?"

"பச்சைதான் கொஞ்சம் வெளுப்பா இருக்கு..."

"அதைத்தான் இருட்டாக்கச் சொல்றேன். ரெண்டும் ஒண்ணா இருக்கணும். இன்னும் நாலஞ்சு படத்தையும் இப்படி மாத்திடு. இது மட்டும் தனியாத் தெரியக் கூடாது."

ஹேவோன் இரண்டு படங்களையும் ஒரே அளவு இருட்டாக்கினாள்.

"கலர்ல இருக்கறதைப் பையன் போனுக்கு அனுப்பிடு. பெத்தவளுக்கு அவன் குடுத்துக்குவான். இதை நல்லாப் பெருசாப் போட்டுச் சட்டம் மாட்டிக் குடு. ஹால்ல, சோபாவுக்கு மேல மாட்டப் போறேன்."

"உங்க வீட்டுலயா?" என்றான் தேக்யு.

"பின்னே? இத்தனை வருஷம் வளர்த்திருக்கேன், அவன் இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்லை தம்பி. தினம் பார்க்க வேண்டாமா? அவன் வீட்டுக்கு வரும்போது அவன் அம்மா சுவர்லயாவது இருக்க வேண்டாமா?"

"உங்க வீட்டுக்காரர் பார்த்தா படத்தைத் தூக்கித் தெருவுல எறிஞ்சிடுவாரேம்மா. யார் இதுன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றாள் ஹேவோன்.

பொங்சுன் ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

"நான்தான்னு சொல்லிடுவேன்."